பின்லாந்து ஊர்ச் சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தில் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு கேடயச் சின்னம் உண்டு. ஊர் எல்லைப் பலகை, நகராட்சிக் கடிதத்தாள், பள்ளி வாசல் என்று எங்கே பார்த்தாலும் அது கண்ணில் படும். கொம்பு முளைத்த மீன், எரிகிற ரயில் சக்கரம், கதாயுதம் ஏந்திய காட்டுமனிதன் என்று விசித்திரமான படங்கள். இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் ராஜா காலத்துச் சின்னங்கள்தானே?

பெரும்பாலானவை இல்லை. இந்த விஷயத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். கேடயமும் தங்கம் வெள்ளி நிறங்களும் பார்ப்பதற்கு நடுக்காலம் மாதிரித் தெரியும். ஆனால் இவற்றில் முக்கால்வாசிக்கு மேல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரையப்பட்டவை, நம் தாத்தா பாட்டி காலத்து விஷயம். அதற்கு முன்பு சின்னம் வைத்திருந்தவை நகரங்கள் மட்டுமே. ஸ்வீடன் ஆட்சியில் நகர உரிமை பெற்ற ஊர்களுக்கு முத்திரை இருந்தது, அதிலிருந்து சின்னம் வந்தது. கிராமப்புற நகராட்சிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது.

1949இல் நகராட்சிச் சின்னங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கிராமப்புறமும் சின்னம் வைத்துக்கொள்ளலாம், உள்துறை அமைச்சகம் அதை உறுதி செய்யும் என்று ஆனதும் ஊர் ஊராகப் போட்டி போட்டுக்கொண்டு சின்னம் வரையச் சொன்னார்கள். அப்போது நாட்டில் 500க்கும் மேற்பட்ட நகராட்சிகள் இருந்தன. அடுத்த இருபது வருடத்துக்குள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சின்னம் வந்துவிட்டது. போரில் தோற்று, நிலத்தை இழந்து, ரஷ்யாவுக்கு இழப்பீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு நாடு அதே காலத்தில் உட்கார்ந்து மீனும் மரமும் பறவையும் வரைந்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆகவே இவற்றைப் பழங்கால மரபு என்று பார்ப்பதைவிட, 1950களில் ஒரு ஊர் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்லியிருக்கும் என்று பார்த்தால் நன்றாகப் புரியும்.

யார் வரைந்தார்கள்?

ஒரு சிறு கூட்டம்தான். குஸ்தாஃப் ஃபொன் நூமேர்ஸ், ஓலோஃப் எரிக்சன், அஹ்தி ஹம்மார் ஆகிய மூன்று பெயர்களையும் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். ஹெல்சின்கியின் பழைய சின்னத்தை இன்றைய வடிவத்துக்குத் திருத்தி வரைந்த ரன்கென் இன்னொருவர். நாடு முழுக்கச் சின்னங்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்: வரைந்த கைகள் குறைவு, காலமும் ஒன்று. தட்டையான வடிவம், அழுத்தமான கோடு, தேவையில்லாத நகாசு எதுவும் இல்லை. அதே காலத்தில் பின்லாந்து நாற்காலிகளும் கண்ணாடிக் குவளைகளும் எப்படி இருந்தனவோ அப்படித்தான் இவையும் இருக்கின்றன.

என்ன விதிகள்?

நிறங்களில் இரண்டு வகை. தங்கமும் வெள்ளியும் உலோகம் (அச்சில் மஞ்சளும் வெள்ளையும்). சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை வண்ணம். உலோகத்தின் மேல் உலோகம் வைக்கக் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்கக் கூடாது. நீலத்தின் மேல் வெள்ளி வரலாம், நீலத்தின் மேல் கறுப்பு வரக் கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலும் யாருடைய கேடயம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஐரோப்பா முழுக்க வந்த பழக்கம் இது. இன்று அதே விதி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஓட்டுநருக்குப் பயன்படுகிறது.

இதற்கு மேல் பின்லாந்துக்காரர்கள் தாங்களே சில கறார்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நிறம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எழுத்து, எண், ஊர்ப் பெயர் எதுவும் கேடயத்துக்குள் வேண்டாம். ஏரியும் குன்றும் சூரியனுமாக இயற்கைக் காட்சி வரைந்து தள்ளாதே. எனக்கு இந்தக் கடைசி விதி ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் பாதி நகராட்சிச் சின்னங்கள் கெட்டுப்போவது ஒரே வட்டத்துக்குள் ஆறு, மலை, ஆலை, கதிர், புத்தகம் எல்லாவற்றையும் திணிப்பதால்தான்.

எழுத்து கூடாது என்றால் துர்க்குவின் சின்னத்தில் பெரிய 'ஏ' எழுத்து இருக்கிறதே?

நல்ல கேள்வி. அது விதிக்கு முந்தியது. துர்க்கு நாட்டின் மிகப் பழைய நகரம். அந்த 'ஏ' எழுத்து 1309ஆம் ஆண்டு முத்திரையிலேயே இருக்கிறது, கூடவே லில்லி மலர்களும். ஊரின் லத்தீன் பெயர் ஆபோவா, அதன் முதல் எழுத்துதான் இது. லில்லி மரியன்னையின் மலர். துர்க்குப் பேராலயம் மரியன்னைக்கும் ஆயர் ஹென்றிக்கும் அர்ப்பணிக்கப்பட்டது, 1300இல் திருநிலைப்படுத்தப்பட்டது. எழுநூறு வருடமாக ஒரு ஊர் அதே சின்னத்தை வைத்திருந்தால், எழுத்து கூடாது என்று யார் போய்ச் சொல்வது?

இனாரியின் மீனுக்கு ஏன் கொம்பு?

எல்லோரும் கேட்பது இதைத்தான், எனக்கும் எல்லாவற்றிலும் பிடித்த சின்னம் இதுதான்.

இனாரி பின்லாந்தின் வடகோடியில், லாப்லாந்தில் இருக்கிறது. பரப்பளவில் நாட்டிலேயே பெரிய நகராட்சி, சுமார் 17,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏழாயிரத்தை ஒட்டித்தான். நடுவில் இனாரி ஏரி, நாட்டின் மூன்றாவது பெரிய ஏரி, மூவாயிரத்துக்கு மேல் தீவுகள் கொண்டது. இங்கே சாமி பழங்குடியினர் வாழ்கிறார்கள், அவர்களின் நாடாளுமன்றம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பின்னிஷ் மொழியோடு வட சாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி என்று மொத்தம் நான்கு மொழிகள் இங்கே அதிகாரபூர்வமானவை. நாட்டில் வேறெந்த நகராட்சியிலும் இப்படி இல்லை.

இங்கே பிழைப்பு இரண்டு வழியில் நடந்தது: ஏரியில் சீகா என்ற நன்னீர் மீனைப் பிடிப்பது, காட்டில் துருவமான் மேய்ப்பது. சாதாரணமாக ஒருவரிடம் வரையச் சொன்னால் கேடயத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் மான் என்று வைத்திருப்பார். இங்கே அப்படிச் செய்யாமல் சீகாவின் தலையில் துருவமான் கொம்பை வைத்துவிட்டார்கள், வேலை முடிந்தது. சின்னக் கலையில் கலப்பு உயிரினங்களுக்கு எப்போதும் இடம் உண்டு, பாதி சிங்கம் பாதி கழுகு எல்லாம் பழைய ஐரோப்பிய வழக்கம்தான். ஆனால் அவை புராண மிருகங்கள். இதுவோ இரண்டு பிழைப்புகளை ஒரே உடம்பில் சேர்த்துவிட்ட மிருகம். ஒரே குடும்பம் பருவத்துக்கு ஏற்றபடி இரண்டையும் செய்துவந்த ஊருக்கு இரண்டு தனித்தனிப் படங்களைவிட இதுதான் உண்மைக்கு நெருக்கம் என்பேன்.

மற்ற லாப்லாந்து ஊர்கள்?

எனொன்தெகியோவுக்குப் பனிப்பிரதேசக் காட்டுக்கோழி. ரோவனியெமியின் சின்னத்தில் கவை மாதிரி ஒரு வடிவம் இருக்கும். ஔனஸ் ஆறும் கெமி ஆறும் அந்த ஊரில் கலப்பதைத்தான் அது காட்டுகிறது. வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அதே வடிவம் தெரியும்.

ஊர்ப் பெயரையே படமாக்குவதும் உண்டா?

தாராளமாக. ஐரோப்பா முழுக்க இருக்கும் பழக்கம்தான். கோத்கா என்றால் கழுகு, சின்னத்திலும் கழுகு. போரி நகரின் ஸ்வீடிஷ் பெயரான பியோர்னபோரியில் கரடி இருக்கிறது, அதனால் சின்னத்தில் கிரீடம் சூடிய கரடித் தலை.

இந்த வகையில் சுவாரசியமானது லாப்பேன்ரந்தா. இதன் ஸ்வீடிஷ் பெயர் வில்மன்ஸ்ட்ரான்ட், அதாவது காட்டுமனிதன் கரை. 1649இல் நகர உரிமை பெற்ற இந்த ஊரின் சின்னத்தில் கதாயுதத்தோடு ஒரு காட்டுமனிதன் நிற்கிறான். பின்னிஷ் பெயரில் அவன் இல்லை, ஆகவே ஸ்வீடிஷ் தெரியாதவருக்கு அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று புரியாது. இரண்டு மொழி நாட்டில் ஒரு மொழியின் பெயர் மட்டும் படமாகி நின்றுவிட்ட கதை.

லாஹ்தியின் சக்கரம் ஏன் எரிகிறது?

ரயில் விபத்து எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். லாஹ்தி முதலில் ஒரு சாதாரணக் கிராமம். 1870இல் ரீஹிமாக்கியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை ரயில் பாதை முடிந்தபோது அது லாஹ்தி வழியாகப் போனது, ஊருக்கு மவுசு வந்தது. 1877இல் பெரிய தீ விபத்து, கிராமம் எரிந்துபோனது. எரிந்த இடத்தில் பழையபடி கட்டாமல் நேரான தெருக்களோடு புதிய ஊரைத் திட்டமிட்டார்கள், 1905இல் அது நகரமானது. சக்கரம் ரயிலுக்கு, சுடர் தீக்கு. ஊரை வளர்த்ததும் ஊரை அழித்ததும் ஒரே படத்தில். தன் ஊர் எரிந்துபோனதைச் சின்னத்தில் போட்டுக்கொள்ளத் தைரியம் வேண்டும். ஆனால் அந்தத் தீ இல்லாவிட்டால் இன்றைய லாஹ்தி நகரம் இந்த உருவத்தில் இருந்திருக்காது, அதையும் அவர்கள் மறக்கவில்லை.

கொக்கொலாவிலும் தீ எரிகிறதே, அங்கேயும் விபத்தா?

இல்லை. அது எரியும் தார்ப் பீப்பாய். பைன் மரத்திலிருந்து வடிக்கும் தார்தான் அந்தக் கடற்கரையின் செல்வம். மரக்கப்பல் காலத்தில் பலகை இடுக்கு அடைக்கவும் கயிறு பூசவும் அது இல்லாமல் எந்தக் கடற்படையும் நகர முடியாது. ஆனால் விளைவித்தவர்கள் நேரடியாக வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பொத்னியா கடலோர நகரங்கள் எல்லாம் ஸ்டாக்ஹோம் வழியாகத்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. 1765இல் அது தளர்த்தப்பட்டது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் அந்தர்ஸ் கிதேனியஸ் என்ற பாதிரியார், பிறகு கொக்கொலாவிலேயே பங்குத்தந்தையாக இருந்தவர். அந்தப் பீப்பாயைப் பார்க்கும்போது எனக்கு இந்த வியாபாரச் சண்டைதான் நினைவுக்கு வரும்.

தொழிற்சாலை ஊர்கள் என்ன செய்தன? புகைபோக்கியா?

நல்லவேளையாக இல்லை. தம்பெரேயைப் பாருங்கள். ஓலோஃப் எரிக்சன் 1960இல் வரைந்த சின்னத்தில் சிவப்புப் பின்னணியில் தங்கத்தில் சுத்தியல், அலைக்கோடு, வணிகக் கடவுள் மெர்குரியின் கோல். அலை என்பது ஊர் நடுவே பாயும் தம்மெர் அருவி. அதன் வேகத்தை நம்பித்தான் 1820இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசன் அங்கே ஆலை தொடங்கினார், அதுவே பிறகு பெரிய பஞ்சாலையானது. சுத்தியலை உற்றுப் பார்த்தால் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தான 'டி' மாதிரியே இருக்கும். எழுத்து கூடாது என்ற விதியை மீறாமலே எழுத்தை நுழைத்துவிட்டார் மனிதர்.

இமாத்ராவுக்கு மின்னல் கீற்றுகள், அங்கே இருக்கும் அருவியில் 1929இல் பெரிய நீர்மின் நிலையம் வந்தது.

தொழில் ஊர்களில் என் ஓட்டு கெரவாவுக்கு. ஹெல்சின்கிக்கு வடக்கே இருக்கும் சின்ன ஊர். சின்னத்தில் மிருகமும் இல்லை, கருவியும் இல்லை. கேடயத்தைப் பிரிக்கும் கோடே தச்சு இணைப்பாக வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பலகைகளை மூலையில், விரலோடு விரல் கோத்த மாதிரி, ஆணி இல்லாமல் சேர்ப்பார்களே, ஆசாரிகள் டவ்டெயில் என்று சொல்வது, அதுதான். நுனி அகலமாக, அடி குறுகலாக இருப்பதால் இழுத்தால் கழன்று வராது. ஹெல்சின்கியில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நாற்காலி மேசைகள் கெரவாவில் செய்யப்பட்டன. போருக்குப் பிறகு இல்மாரி தாப்பியோவாரா மாணவர் விடுதிக்காக வடிவமைத்த தோமுஸ் நாற்காலியும் இங்கேதான் தயாரானது. அஹ்தி ஹம்மார் நாற்காலியை வரையாமல், நாற்காலியைத் தாங்கும் வேலைத்திறனை வரைந்தார். ஒரு கோடு, இரண்டு நிறம். இதற்கு மேல் குறைக்க முடியாது.

எஸ்போவுக்குக் கிரீடம் எதற்கு? அது குடியரசு நாடுதானே?

குடியரசுதான், ஆனால் 1809 வரை ஸ்வீடன் அரசரின் நாடு. 1556இல் அரசர் குஸ்தாவ் வாசா எஸ்போவில் அரச பண்ணை ஒன்றை ஏற்படுத்தினார். குதிரை லாடத்துக்கு மேல் இருக்கும் கிரீடம் அதைத்தான் சுட்டுகிறது. ஹெல்சின்கியின் படகுக்கு மேல் இருக்கும் கிரீடமும் அந்தக் காலத்து மிச்சம். 1917இல் சுதந்திரம் வந்ததும் கிரீடங்களைத் தேடித் தேடி அழிக்கவில்லை. அது நடந்த வரலாறு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பக்கத்து ஊர் வந்தாவுக்குச் சால்மன் மீன். வந்தா ஆற்றின் சால்மன் எவ்வளவு மதிப்பானது என்றால், 1351இல் அரசர் மாக்னுஸ் அந்த மீன்பிடி உரிமையை எஸ்தோனியாவில் இருந்த பதிசே மடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடல் தாண்டி இருக்கும் துறவிகளுக்கு!

வாசா நகரச் சின்னத்தில் ஒரு பதக்கம் தெரிகிறதே?

அது சுதந்திரச் சிலுவை விருது. 1918 உள்நாட்டுப் போரின்போது தலைநகர் பின்லாந்தின் இடதுசாரிச் செம்படையின் கையில் இருந்ததால், அதை எதிர்த்த வெள்ளை அணியின் அரசு வாசாவிலிருந்து நடந்தது. அதற்காக ஊருக்கே விருது கொடுத்து, அது சின்னத்திலும் ஏறியது. உள்ளே இருக்கும் கதிர்க்கட்டு போன்ற உரு, வாசா அரச குடும்பத்துச் சின்னம். ஆக ஒரே சின்னத்தில் அரச வம்சமும் உள்நாட்டுப் போரில் ஜெயித்த பக்கமும் சேர்ந்து நிற்கின்றன. எந்தச் சின்னமும் அரசியலுக்கு வெளியே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கேடயத்தை வெட்டும் கோடு ஊசியிலை மரம் மாதிரி இருக்கிறது. அது என்ன?

கூசிகொரோ. கோடு நேராகப் போகாமல் தேவதாரு மர நுனிகளின் வரிசையாக மேலும் கீழும் போகும். மரங்கள் நேராக நிற்கும் இடைவெளியில் எதிர் நிறத்து மரங்கள் தலைகீழாகத் தெரியும். இது பின்லாந்துக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் தாங்களே உருவாக்கியது. ஐரோப்பிய மரபில் அலைக்கோடு, பல்கோடு, கோட்டைச்சுவர்க் கோடு எல்லாம் ஏற்கெனவே உண்டு, காட்டுக்கோடு இல்லை. காடே வாழ்க்கையான நாடு அதைச் சேர்த்துக்கொண்டது. கிளை வடிவில் ஹவுகொரோ என்று இன்னொன்றும் உண்டு. இவை பிறகு மற்ற நாடுகளிலும் பரவின.

நீலம் என்றால் ஏரி, வெள்ளை என்றால் பனி, பச்சை என்றால் காடு. சரியா?

சில சமயம் சரி. ஆனால் எல்லா இடத்திலும் இந்த அகராதியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மேலே சொன்ன உலோக–வண்ண விதியால், ஒரு வெள்ளி மீனை வைத்தால் பின்னணிக்குச் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகிய நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். பக்கத்து ஊர் நீலத்தை எடுத்திருந்தால் இவர்கள் வேறு எடுத்திருப்பார்கள். சுற்றுலாக் கையேடுகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கவிதை எழுதிவைத்திருக்கும், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஒரே ஊரின் சின்னம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கிறது. எது அசல்?

இரண்டும் அசலாக இருக்கலாம். இங்கே அடிப்படை படம் கிடையாது, விளக்க வாசகம்தான். 'நீலப் புலத்தில் வெள்ளிச் சால்மன்' என்கிற பாணியில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பொருந்துமாறு யார் வரைந்தாலும் அது அந்த ஊரின் சின்னமே. நீலம் எந்த நீலம் என்று அளவெல்லாம் அந்த வரியில் இருக்காது. நகராட்சிகள் தங்கள் வசதிக்கு ஒரு படத்தை நிலையாக வைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது ஒரு ஊர் புதுச் சின்னம் வேண்டும் என்றால்?

நகராட்சி மன்றமே முடிவு செய்யும், ஆனால் தேசிய ஆவணக் காப்பகத்தின் கருத்தைக் கேட்ட பிறகு. அங்கே சின்னக் கலை தெரிந்தவர்களின் குழு இருக்கிறது.

ஊர்கள் இணைந்தால் பழைய சின்னம் என்ன ஆகும்?

அதிகாரபூர்வ வாழ்க்கை முடிந்துவிடும். 2009இல் மட்டும் நிறைய இணைப்புகள். சலோவில் பத்து நகராட்சிகள் ஒன்றாயின, கௌவொலாவில் ஆறு. ஒரு நகராட்சிக்கு ஒரு சின்னம்தான், மற்றவை பதவி இழந்தன. ஆனாலும் ஊர்ச் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், வீட்டுக் கொடிக்கம்பத்தில் பறக்கும் நீள வால்கொடி ஆகியவற்றில் பழைய சின்னம் தொடர்ந்து வரும்.

இதைவிட உருக்கமான விஷயம் கரேலியா. 1944இல் அந்தப் பகுதி சோவியத் ஒன்றியத்திடம் போனது, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சின்னச் சட்டம் வந்தபோது அந்த நகராட்சிகளே இல்லை. ஆனால் இடம்பெயர்ந்தவர்கள் சங்கம் அமைத்து, போய்ப் பார்க்கக்கூட முடியாத ஊர்களுக்குச் சின்னம் வரைய வைத்தார்கள்.

லோகோ வந்த பிறகு சின்னத்துக்கு வேலை உண்டா?

உண்டு, ஆனால் குறைந்துவிட்டது. ஹெல்சின்கி 2017இல் புது லோகோ கொண்டுவந்தது. கேடயத்தின் கீழ்ப்பக்கத்தை நினைவூட்டும் அலை விளிம்புச் சட்டத்துக்குள் ஊர்ப் பெயர் மட்டும், படகும் இல்லை, கிரீடமும் இல்லை. கைப்பேசித் திரையில் அது எடுபடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படகை எடுத்துவிட்டால் அது துறைமுக நகரம் என்று எது சொல்லும்? லோகோவைப் பத்து வருடத்தில் மாற்றிவிடுவார்கள், துர்க்குவின் 'ஏ' 1309இலிருந்து இருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கல்வெட்டிலோ புத்தகத்திலோ கேடயத்துக்குள் கோடுகள் இருந்தால் அவை அலங்காரம் அல்ல. நிற்கும் கோடுகள் சிவப்பு, படுத்த கோடுகள் நீலம், இரண்டும் குறுக்கே வெட்டினால் கறுப்பு. பார்ப்பவரின் இடது மேலிருந்து வலது கீழ் நோக்கிச் சரிந்தால் பச்சை. புள்ளிகள் தங்கம். ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தால் வெள்ளி.